லக்சுரி மேகசின்னா தமிழ்ல என்னங்க?

கோயமுத்தூர்ல பெரிய ஓட்டல் லாபி, பல் டாக்டரோட வெயிட்டிங் ரூம், நகைக்கடை மாடி சோபா, எங்க போய் உட்காந்தாலும் டீப்பாய் மேல வழுவழுன்னு ஒரு புக்கு கெடக்கும் பாருங்க, அதான் லக்சுரி லைஃப்ஸ்டைல் மேகசின். ஒரு வட்டாரத்துல வசதியா இருக்கறவங்களுக்குன்னே போடறது. பங்களா இன்டீரியர், வைர நகை, ஊட்டில நடந்த கல்யாணம், மில்லுக்காரர் வீட்டுப் பையன் பேட்டி, நடுநடுவுல காரு விளம்பரம், இல்லீங்க, விளம்பரத்துக்கு நடுநடுவுல பேட்டி. தாளு ஆர்ட் பேப்பர்னு பிரஸ்காரங்க சொல்றது, மேல வெள்ளக் களிமண் மாதிரி பூச்சு குடுத்து பளபளப்பு ஏத்தினது, கைல எடுத்தாலே கனம் தெரியும்.

சரி, சொல்லுக்கு வருவோம். மேகசின்ங்கறது அரபி மக்ஸன்ல இருந்து வந்தது, சரக்கு போட்டு வெக்கற கிடங்குன்னு அர்த்தம், அது இத்தாலி பிரான்ஸ்னு சுத்திட்டு இங்கிலீஷுக்குப் போச்சு. துப்பாக்கில தோட்டா ரொப்பற டப்பாவும் மேகசின் ஆனது அதனாலதான். 1731ல லண்டன்ல எட்வர்ட் கேவ்னு ஒருத்தர் 'ஜென்டில்மேன்ஸ் மேகசின்' ஆரம்பிச்சார், எல்லா விஷயத்தையும் ஒரே எடத்துல சேத்து வெச்ச கிடங்குங்கற கணக்குல வெச்ச பேரு, பொறகு பத்திரிகைக்கே அந்தப் பேரு நின்னுருச்சு. பிரெஞ்சுல இன்னிக்கும் அந்தச் சொல்லுக்கு கடைன்னுதான் அர்த்தம், நம்ம டீப்பாய் புக்கைப் பொரட்டிப் பாத்தா பிரெஞ்சுக்காரன் சொல்றதுதான் செரின்னு படுது.

லக்சுரி லத்தீன். அங்க அது அளவு மீறிப் போறது, கிறிஸ்தவ மதத்துல ஏழு பெரும்பாவத்துல காமத்துக்கு லத்தீன்ல லக்சூரியான்னே பேரு. அதே லத்தீன் வேருல இருந்து வந்த சொல்லு பிரெஞ்சு வழியா டீலக்ஸ்னு ஆகி, நம்ம டவுன் பஸ்ல 'சொகுசுப் பேருந்து'ன்னு போர்டா தொங்குது, சீட்டு அதேதான், டிக்கெட் மட்டும் ஜாஸ்தி.

லைஃப்ஸ்டைல் பத்திப் பெருசா ஒண்ணுமில்ல, அட்லர்னு ஒரு மனநல டாக்டர் ஒரு ஆளோட கொணம் சின்ன வயசுலயே படியறதச் சொல்லப் பயன்படுத்தின வார்த்த, வியாபாரிங்க எடுத்துக்கிட்டாங்க. வாழ்க்கைமுறைன்னா போதும்.

இப்ப தமிழ்ல என்ன வெக்கறது? நெறையப் பேரு சொகுசு இதழ்னு எழுதறாங்க. சொகுசு தெலுங்கு கன்னடப் பக்கத்துச் சொல்லுங்க, அங்க சொகசுன்னா அழகு, நம்மூர்ல வீட்டுக்குள்ள அந்த பாஷ பேசறவங்ககிட்ட கேட்டாலே சொல்லுவாங்க. தமிழ்ல அது ஒடம்புக்கு இதமா இருக்கறதுன்னு மாறிருச்சு. ஆனா ஏசி ரூம்ல படுத்துத் தூங்கறதுதான் சொகுசு, அந்த ரூம போட்டோ புடிச்சு அச்சடிச்சு ஊருக்குக் காட்டறது ஆடம்பரம். ஆடம்பரத்துக்கு சமஸ்கிருதத்துல பழைய அர்த்தம் ஒரு பெரிய பறை, அது போடற சத்தம். இதவிடப் பொருத்தமா வேற என்னங்க வேணும்?

இதழுக்குக் கொறையே இல்ல. தொல்காப்பியம் மரபியல்ல பனை, தென்னை வகையோட உறுப்பச் சொல்லும்போது ஓலை, ஏடு கூடவே இதழும் வருது, ஓலைல எழுதின நமக்கு ஏடு மாதிரி இதுவும் செரியா உக்காருது. சிலோன்ல சஞ்சிகைங்கறாங்க, அதுவும் நல்லாத்தான் இருக்கு.

அதனால என் ஓட்டு 'ஆடம்பர வாழ்க்கைமுறை இதழ்'க்குதான். பேச்சுல 'பவுசு புக்கு'ன்னு சொன்னாலும் புரியும், ஆனா அத அட்டைல போட்டா விளம்பரம் குடுக்கற மொதலாளி சும்மா உடுவாருங்களா?