வெங்காயச் சருகு போல ஒரு தோல்

"மாதவிடாய் நின்று ஆறு வருடமாகிறது. ராத்திரியானால் பிறப்புறுப்பில் தாங்க முடியாத அரிப்பு. காளான் தொற்று என்று மூன்று முறை களிம்பு கொடுத்தார்கள், குறையவில்லை. இப்போது தோல் வெளுக்கிறது. வெண்குஷ்டமா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

முதலில் அந்தச் சொல்லை விட்டுவிடுவோம். குஷ்டத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, அது வெண்புள்ளி. வெண்புள்ளியில் நிறம் மட்டும்தான் போகும், தொட்டால் பக்கத்துத் தோல் போலவே இருக்கும். வெளுப்போடு அரிப்பும் சேர்ந்து, தோல் வெங்காயச் சருகு மாதிரி மெலிந்து சுருங்கினால் லைக்கன் ஸ்கிலிரோசஸைச் சந்தேகிக்க வேண்டும். 1887-இல் பிரெஞ்சு மருத்துவர் அலோப்போ விவரித்த நோய். உடலின் எதிர்ப்பு சக்தி தன் தோலையே தாக்குவதால் வருகிறது என்று கருதுகிறார்கள். ஒட்டாது. சுத்தக்குறைவால் வருவதும் இல்லை.

எனக்குப் பிடித்த இடம் இதற்கு அடுத்தது. மேல்தோல் உள்தோலின் மீது போர்வை போல வெறுமனே படுத்திருப்பதில்லை. இரண்டு கைவிரல்களைக் கோத்துக்கொள்வீர்களே, அப்படி மேடும் பள்ளமுமாகப் பிணைந்திருக்கும். கோத்த கைகளை இழுத்துப் பாருங்கள், லேசில் பிரியாது. இந்த நோயில் அந்த மேடுபள்ளம் தட்டையாகிவிடுகிறது. உள்ளங்கைகளைச் சேர்த்து வைத்த மாதிரிதான், லேசாகத் தேய்த்தாலே வழுக்கும். அடியில் தோலைத் தாங்கும் கொலாஜன் என்ற புரத இழைகள் தனித்தனி நார்களாக இல்லாமல் ஒரே வெளிறிய பட்டையாகக் குழைந்துபோகின்றன. வெளுப்பில் பெரும்பங்கு இந்தப் பட்டைக்குத்தான். நிறமி குறைவதும் சேர்ந்துகொள்கிறது. அந்தப் பட்டைக்குள் இருக்கும் நுண்ணிய ரத்தக்குழாய்களுக்குத் தாங்கல் இல்லை. அதனால்தான் சொறிந்த இடத்தில் கருஞ்சிவப்பாக ரத்தம் கட்டுகிறது, வெடிப்பு விழுகிறது. சொறியச் சொறிய அந்தக் காயத்திலேயே நோய் மேலும் பரவும். பொல்லாத சுழல்.

பருவமடையாத சிறுமிகளுக்கும் இது வரும். அந்த ரத்தக்கட்டைப் பார்த்து, யாரோ குழந்தையைப் பாலியல் ரீதியாகச் சீண்டிவிட்டார்கள் என்று தவறாக முடிவுகட்டியதும் உண்டு.

வெளுப்பு சிலருக்கு ஆசனவாயையும் சுற்றி, எட்டு என்ற எண்ணின் வடிவில் படரும். வருடக்கணக்கில் கவனிக்காவிட்டால் யோனி வாயின் இருபுறமும் உள்ள சிற்றிதழ்கள் கரைந்து பக்கத்துத் தோலோடு ஒன்றிவிடும். அவற்றுக்கு மேலே உள்ள உணர்ச்சி மொட்டான கிளிட்டோரிஸின் மேலுறை ஒட்டிக்கொள்ளும், யோனியின் வாய் குறுகும். உறவு வலிக்கும். யோனியின் உட்புறத்தைப் பெரும்பாலும் தொடாது.

மருந்து குளோபெட்டசால் 0.05% என்ற ஸ்டீராய்டு களிம்பு. "ஸ்டீராய்டா? தோல் மெலிந்துவிடுமே!" என்று பயப்படுகிறார்கள். இங்கே தோலை மெலியவைப்பதே நோய்தான். விட்டுவைத்தால் சிலருக்கு அது புற்றுநோய் வரையும் போகலாம். 2015-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில் 507 பெண்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். சொன்னபடி ஸ்டீராய்டு களிம்பு போட்டவர்களில் ஒருவருக்குக்கூட அங்கே புற்றுநோயோ அதன் முன்நிலையோ வரவில்லை. சரியாகப் போடாதவர்களில் 4.7 சதவீதம் பேருக்கு வந்தது. ஒரு பழைய, மலிவான களிம்பு! ஆராய்ச்சிப் பணமெல்லாம் வெளியே பேச முடிகிற வியாதிகளுக்கே போகிறது என்பது என் பழைய புலம்பல்.

அதற்காக மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் பூசாதீர்கள். காளான் மருந்தும் ஸ்டீராய்டும் கலந்த களிம்புகள் நாலு நாள் அரிப்பை அடக்கி, நோயை மறைத்துவிடும். மாதம் ஒருமுறை கைக்கண்ணாடியில் பாருங்கள். தடிப்போ ஆறாத புண்ணோ தெரிந்தால் தோல் மருத்துவரோ மகப்பேறு மருத்துவரோ சிறு துண்டு எடுத்துப் பரிசோதிக்க வேண்டியிருக்கும்.