எக்கர்த் தீவு

மலேசியாவின் பந்திங்கில் என் பக்கத்து வீட்டுப் பிள்ளை ஐந்தாம் படிவம் படிக்கிறாள். பள்ளித் தமிழ்மொழிக் கழகத்துச் சுவரொட்டிக்காக வேலியோரம் நின்று கேட்டாள்: "மாமா, பேரியர் ஐலண்டுக்குத் தமிழில் என்ன?"

தடுப்புத் தீவு என்று எழுதுகிறார்கள். பிழையில்லை. கரைக்கு முன்னால் நீளவாக்கில் கிடந்து புயலலையைத் தாங்கும் மணல் தீவுதான் அது. ஆனால் அந்தப் பெயர் நமக்குக் கிடைக்கும் பயனை மட்டுமே சொல்கிறது. தீவு பிறந்த விதத்தைச் சொல்லும் பழஞ்சொல் நம்மிடம் உண்டு: எக்கர்.

எட்டாத மாங்காயை எக்கிப் பறிக்கிறோமே, அந்த எக்குதல்தான். அலை மேலே எக்கிப் போட்ட மணல் எக்கர். உரைகாரர்கள் இடுமணல் என்பார்கள். மலாய்க்காரர் பழைய கரைமணல் மேட்டைப் பெர்மாத்தாங் என்பார்கள். பினாங்குப் பக்கம் பெர்மாத்தாங் பாவ் என்று ஊரே இருக்கிறது. தீவு என்பது வடமொழி த்வீபத்தின் வழி வந்தது. அது தமிழில் ஊறிவிட்டது, இருக்கட்டும்.

பெரும்பகுதி கட்டடம் ஏறாத எக்கர்த் தீவைப் பார்க்க டெக்சசின் பாட்ரே தீவுக்குப் போகவேண்டும். நீளம் ஏறத்தாழ 180 கிலோமீட்டர். அதில் 110 கிலோமீட்டர் அளவுக்கு, 1962இல் அறிவிக்கப்பட்ட தேசியக் கடற்கரை. கடல் பக்கம் மணற்குன்றுகள், நடுவே புல்வெளி, உள்பக்கம் லகுனா மாத்ரே என்னும் உப்பங்கழி. மழை குறைவு, வெயில் கடுமை, கடலோடு கலக்கும் வாய்களும் சில. அதனால் கழிநீர் கடலைவிடக் கரிக்கும். கடலாமைகளில் மிகச் சிறியதான கெம்ப் ரிட்லி அங்கே பட்டப்பகலில் கரையேறி முட்டையிடுகிறது.

அந்த மணலைப் பிடித்து நிறுத்தும் கொடிகளில் ஒன்று நம் அடும்பு! இலையின் பிளவைப் பார்த்து அறிவியல் பெயர் வெள்ளாட்டுக் குளம்பு என்கிறது. மலாயில் குதிரைக் குளம்பு, தாப்பாக் கூடா. அகநானூற்றில் ஓர் ஆமை இதே அடும்புக் கொடி சிதைய இழுத்து, கழியோரத்து வெண்மணலில் முட்டையைப் புதைத்து மறைக்கிறது. டெக்சசைக் கனவிலும் காணாத புலவர், கழி, மணல்மேடு, கொடி, ஆமை நான்கையும் ஒரே இடத்தில் வைத்துவிட்டார். இத்தனை சொற்கள் கைவசம் இருக்க, கழியை 'லகூன்' என்று ஏன் எழுதவேண்டும்?

சுவரொட்டித் தலைப்பில் எக்கர்த் தீவு என்றும், கீழே சிறிய எழுத்தில் தடுப்புத் தீவு என்றும் எழுதச் சொன்னேன். ஆமைக்குப் பக்கத்தில் அடும்பின் ஊதாப் பூவைத் தானே வரைவதாகச் சொல்லிப் போனாள்.