17-ஐ வெறுத்தவர்களும் இரண்டு செவ்வகங்களும்

பிதாகரஸ் வழி வந்தவர்களுக்கு 17 என்ற எண்ணே ஆகாது. கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க், எகிப்தியக் கடவுள்களான ஐசிஸ், ஒசைரிஸ் பற்றி எழுதும்போது இதற்குக் காரணமும் சொல்கிறார்: 16-க்கும் 18-க்கும் நடுவில் புகுந்து 17 அவற்றைப் பிரித்துவிடுகிறதாம். அந்த இரண்டு எண்களுக்கும் அப்படி என்ன உசத்தி? 4-க்கு 4 சதுரத்தின் பரப்பளவு 16, சுற்றளவும் 16. 3-க்கு 6 செவ்வகத்தின் பரப்பளவு 18, சுற்றளவும் 18. பக்கங்கள் முழு எண்களாக உள்ள செவ்வகங்களில் இப்படி அமைவது இவை இரண்டு மட்டும்தான்.

(சென்டிமீட்டரில் சமமாக வருவது மில்லிமீட்டரில் வராது. அதனால் இது எண்களின் விளையாட்டு, அளவுகோலை மறந்துவிடலாம்.)

அந்த ‘மட்டும்தான்’ எங்கிருந்து வருகிறது? 5-க்கு 5 போட்டால் 25, 20. 3-க்கு 5 போட்டால் 15, 16, மயிரிழையில் தப்புகிறது. இப்படிப் போட்டுப் பார்த்துக்கொண்டே போனால், அடுத்த பக்கத்தில் ஒன்று கிடைக்குமோ என்ற சந்தேகம் தீரவே தீராது. இயற்கணிதம் தேவைப்படுவது இங்கேதான். நீளத்தை ‘நீ’, அகலத்தை ‘அ’ என்று வைப்போம். பரப்பளவும் சுற்றளவும் சமம் என்றால்:

நீ × அ = 2நீ + 2அ

எல்லாவற்றையும் இடப்பக்கம் கொண்டுவந்து, இருபுறமும் 4-ஐக் கூட்டினால், சமன்பாடு அழகாகக் காரணிப்படும்:

(நீ − 2) × (அ − 2) = 4

பெருக்கினால் 4 வரும் முழு எண் ஜோடிகள் 2 × 2, 1 × 4. இரண்டு எண்களோடும் 2-ஐக் கூட்டினால் 4-க்கு 4, 3-க்கு 6. குறை எண்களைப் போட்டால் பக்கம் பூஜ்யமாகவோ அதற்குக் கீழாகவோ போய்விடும். வேறு வழியே இல்லை.

சரி, அந்த 4 எதற்கு? பாடப்புத்தகத்தில் இதை ஒரு தந்திரம் போலச் செய்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அது படத்திலேயே இருக்கிறது. செவ்வகத்தைத் தரை ஓடுகளாகப் பாருங்கள். ஓரத்து ஓடு ஒவ்வொன்றும் சுற்றளவுக்கு ஒரு பக்கம் தரும். மூலை ஓடுகள் நான்கு மட்டும் இரண்டு பக்கம் தரும். ஆகவே ஓரத்து ஓடுகளின் எண்ணிக்கை சுற்றளவைவிட 4 குறைவு. மொத்த ஓடுகள் சுற்றளவுக்குச் சமமாக வேண்டுமென்றால், அந்தக் குறையை உள்ளே இருக்கும் ஓடுகள்தான் ஈடுகட்ட வேண்டும். அதாவது உள்ளே சரியாக 4 ஓடுகள். ஓரத்தை உரித்தால் உள்ளே மிஞ்சுவது (நீ − 2)-க்கு (அ − 2). நான்கு ஓடுகளை 2-க்கு 2 ஆக அடுக்கலாம், 1-க்கு 4 ஆக அடுக்கலாம். சுற்றி ஒரு வரிசை ஓடு பதித்தால் நம் இரண்டு செவ்வகங்களும் வந்துவிடும்.

ஓரத்து ஓடுகளும் உள் ஓடுகளும் சரிபாதியாக இருக்க வேண்டுமானால்? அப்போது (நீ − 4) × (அ − 4) = 8 என்று வரும். விடை 5-க்கு 12, 6-க்கு 8. கூடத்துக்கு இரு நிறத்தில் ஓடு பதிக்கிறவர்களுக்கு உதவும்.

அப்புறம், பரப்பளவு சுற்றளவைப் போல 2 மடங்காக வேண்டும் என்று கேட்டால் (நீ − 4) × (அ − 4) = 16. இப்போது மூன்று செவ்வகங்கள்: 5-க்கு 20, 6-க்கு 12, 8-க்கு 8. மூன்று மடங்கு என்றால் வலப்பக்கம் 36, செவ்வகங்கள் ஐந்து. ஒரு மடங்குக்கு 2, இரண்டுக்கு 3, மூன்றுக்கு 5. முந்தைய இரண்டையும் கூட்டினால் அடுத்தது வரும் பிபனாச்சி வரிசை தெரிந்தவர் உடனே ‘அடுத்தது 8’ என்பார். நான்கு மடங்குக்கு வருவது 4.

ம மடங்கு என்று பொதுவாக எழுதினால் வலப்பக்கம் 4 × ம × ம ஆகிறது. அந்த எண்ணை எத்தனை விதமாக இரண்டு காரணிகளாகப் பிரிக்கலாமோ அத்தனை செவ்வகங்கள். ம = 4 எனில் 64; அதில் 2-ஐத் தவிர வேறு பகா எண் இல்லாததால் 4 விதம்தான். ம = 6 எனில் 144; 8 விதம். 3, 5, 7 என்று எந்த ஒற்றைப்படைப் பகா எண்ணை எடுத்தாலும் எண்ணிக்கை மாறாமல் ஐந்துதான். 101 மடங்கு கேட்டாலும் ஐந்துக்கு மேல் ஒரு செவ்வகம் கிடைக்காது. 12 மடங்குக்கோ பதினொன்று கிடைக்கும்.