இயல்நெகிழ் புரதம்

காட்பாடியில் உயிர்வேதியியல் படிக்கும் என் தங்கை மகள், ஒரு கட்டுரைத் தலைப்பைத் தமிழாக்கிக் காட்டினாள்: ‘கோளாறுள்ள புரதங்களும் நோய்களும்’. மூலத்தில் இருந்தது ‘டிஸ்ஆர்டர்டு புரோட்டீன்’. அவளைச் சொல்லிக் குற்றமில்லை. ஆஸ்பத்திரிப் பேச்சு காதில் விழாத தெரு வேலூரில் ஏது? டிஸ்ஆர்டர் என்றாலே நமக்குக் கோளாறுதான். இங்கே அந்தப் பொருள் பொருந்தாது.

முதலில் புரோட்டீன். ‘முதன்மையானது’ என்னும் கிரேக்கச் சொல்லிலிருந்து வேதியியலாளர் பெர்சீலியஸ் எடுத்துக் கொடுக்க, 1838இல் இன்னொரு வேதியியலாளர் முல்டர் அதை வழக்கத்துக்குக் கொண்டுவந்தார். நம் புரதமும் அந்த ஒலியை ஒட்டித்தான் நிற்கிறது. சரி, ‘டிஸ்ஆர்டர்டு’ எங்கே வந்தது? நொதி, அதாவது உடலின் வேதிவினைகளை விரைவுபடுத்தும் புரதம், தன் இலக்கோடு பூட்டும் சாவியும்போலப் பொருந்துகிறது என்று 1894இல் வேதியியலாளர் எமில் ஃபிஷர் சொன்னார். உருவம் இறுகியிருந்தால்தான் புரதம் வேலை செய்யும் என்ற எண்ணம் அப்படியே வேரூன்றியது. நிலையான உருவமே இல்லாமல் வேலை செய்பவையும் உண்டு, பழைய எண்ணத்தை மாற்றுங்கள் என்று 1999இல் பீட்டர் ரைட், ஜேன் டைசன் என்ற இரு ஆய்வாளர்கள் எழுதினார்கள். இப்படி உருவம் நிலைக்காதவற்றைத்தான் ‘டிஸ்ஆர்டர்டு’ என்கிறார்கள்.

ஆல்ஃபா சைனூக்ளின் என்ற புரதத்தைப் பாருங்கள். 140 அமினோ அமிலங்கள் கோத்த இழை. நரம்பணுவுக்குள் தனியாக மிதக்கும்போது அதற்கென்று ஓர் உருவம் கிடையாது. அதுதான் அதன் நலம். நடுக்குவாதத்திலோ (பார்கின்சன் நோய்) இந்த இழைகள் வரிசையாக அடுக்கி, ஒட்டி, விறைத்த நாராகிவிடுகின்றன. ஒழுங்கு வந்த இடத்தில் நோய்!

குடியாத்தத்தில் லுங்கி நெய்த என் பெரியப்பா, தெருவில் பாவு (தறியின் நீளவாட்டு நூல்) நீட்டிக் கஞ்சி போட்டதும் இழை இழையாகப் பிரித்துவிடுவார். ஒட்டிக் காய்ந்துவிட்டால் தறியில் ஓடாது. அவருக்கும் கடைசியில் நடுக்குவாதம்தான். டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடிப்பார்.

அப்புறம், தமிழில் என்ன சொல்வது? ‘ஒழுங்கற்ற’ என்றால் திட்டுவதுபோல இருக்கிறது. ‘சீர்குலைந்த’ என்றால் முன்பு சீராக இருந்தது என்றாகும். வெந்த முட்டையின் வெள்ளைக்கருவுக்கு அது சரி. எனக்குப் பிடித்தது ‘இயல்நெகிழ் புரதம்’. நெகிழ்புரதம் வினைத்தொகை: நெகிழ்ந்த, நெகிழ்கிற, நெகிழும். நொடிக்கு நொடி உருமாறும் பொருளுக்கு முக்காலமும் காட்டும் சொல். ‘இயல்’ சேர்ப்பது, பிறவியிலேயே அப்படி என்பதற்காக.

அவள் தலைப்பைத் திருத்திக்கொண்டு, “நெகிழிப் புரதம்னு சுருக்கிடலாமா மாமா?” என்றாள். வேண்டாம் தாயே, அது பிளாஸ்டிக்.