ஃபோகஸ்: கவனமா, குவியமா?

இரவு வானத்தைப் படமெடுப்பது பற்றித் தமிழில் எதைத் தேடினாலும் "கையேடு கவனத்திற்கு மாறவும்" என்ற வாக்கியம் வந்து நிற்கிறது. கையேடு என்பது கையில் வைத்துப் படிக்கிற சிறு புத்தகம். கவனம் என்பது மனசு ஒன்றின்மேல் நிற்பது. இரண்டையும் ஒட்டிவைத்துவிட்டு இதுதான் மேனுவல் ஃபோகஸ், அதாவது படம் தெளிவாக விழ லென்ஸைக் கையால் சரிசெய்வது என்றால் யாருக்குப் புரியும்?

ஃபோகஸ் லத்தீன் சொல், வீட்டு அடுப்பு என்று பொருள். 1604இல் வானியலாளர் கெப்ளர் தன் ஒளியியல் நூலில் அதைக் கலைச்சொல்லாக்கினார். மனசை ஒன்றில் நிறுத்துவது என்ற அர்த்தம் அப்புறம் ஏறியது. தமிழில் இதற்குப் புதிதாக எதையும் உருவாக்க வேண்டியதில்லை, பள்ளிக்கூட அறிவியல் புத்தகத்திலேயே குவியம், குவியத் தொலைவு, குவிலென்சு எல்லாம் இருக்கின்றன. நெல்லைக் குவிக்கிறோம், உதட்டைக் குவிக்கிறோம், சிதறிக் கிடப்பது ஓரிடத்தில் சேருவதுதான் குவிதல்.

"படிப்பில் ஃபோகஸ் பண்ணு என்றால் கவனம் செலுத்து என்றுதானே எழுதுகிறோம்?" என்று கேட்பார்கள். சரி, அங்கே அது மனசைப் பற்றிய பேச்சு. கேமராவில் நடப்பது வேறு. சிரியஸ் நட்சத்திரத்தை நேராகப் பார்த்து கேமராவை வைத்திருக்கிறீர்கள், படச் சட்டத்தின் நடுவில் அது நிற்கிறது, ஆனால் லென்ஸில் திருப்புகிற வளையம் தப்பான இடத்தில் இருப்பதால் ஊதிப்போன வட்டமாகத் தெரிகிறது. கவனம் முழுக்க அதன்மேல்தான், குவியம்தான் அங்கே இல்லை. இந்த வித்தியாசத்தைச் சொல்ல முடியாத சொல் கலைச்சொல்லாக எப்படி நிற்கும்? போதாக்குறைக்கு "இருட்டில் கவனம்" என்று தலைப்பு வைக்கிறார்கள். படிப்பவர் பள்ளம் இருக்கிறது, பார்த்துப் போகச் சொல்கிறார்கள் என்றல்லவா நினைப்பார்!

ஒளி கூடும் புள்ளிக்குக் குவியம், கூட்டும் செயலுக்குக் குவிப்பு. ஆட்டோஃபோகஸ் தானியங்கிக் குவிப்பு, மேனுவல் ஃபோகஸ் கைமுறைக் குவிப்பு. பேச்சில் ஃபோகஸ் என்றே சொல்லுங்கள், அதில் எனக்கு வருத்தமில்லை. அர்த்தத்தைக் கெடுக்கிற தமிழைவிட அது எவ்வளவோ மேல்.

தானியங்கிக் குவிப்புக்கு வெளிச்சமும் நிழலும் பிரிகிற ஓரம் வேண்டும். இருட்டில் அது கிடைக்காமல் லென்ஸ் முன்னும் பின்னும் அலையும். அதனால்தான் கைமுறைக்கு மாறி, பளிச்சென்ற ஒரு நட்சத்திரத்தைத் திரையில் பெரிதாக்கி, வளையத்தை மெல்லத் திருப்பச் சொல்கிறார்கள். வட்டம் சுருங்கிச் சுருங்கி ஊசிமுனை ஆகும், தாண்டினால் மறுபடி பரவும். "குவியுங்கள்" என்று எழுதியிருந்தால் கை என்ன செய்ய வேண்டும் என்று அந்தச் சொல்லே காட்டியிருக்கும்.

"எல்லையற்ற கவனத்தில் வைக்கவும்" என்பது இதைவிட மோசம். அவர்கள் சொல்லவருவது லென்ஸில் மிகத் தொலைவைக் காட்டும் முடிவிலிக் குறியை (∞). அதைப் புரிந்துகொண்டவர்கூட அந்தக் குறியை அப்படியே நம்பக் கூடாது. பல லென்ஸ்களில் வளையம் அதைத் தாண்டியும் சுற்றும், வெப்பநிலை மாறினால் குவியமும் கொஞ்சம் நகரும். குறிக்குப் பக்கத்தில் கொண்டுபோய், நட்சத்திரத்தைப் பார்த்துக் குவித்து, வளையம் அசையாமல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிட வேண்டும்.