சொட்டுகிற இடத்தில் கத்தி வைக்காதீர்கள்

இந்த மே மாதமும் அதே போன். குளிர்காலம் முழுக்க வீட்டு வாசலில் நின்ற டிராவல் டிரெய்லரை, அதாவது டிரக்கில் பூட்டி இழுத்துப் போகும் சக்கர வீட்டை, முதல் கேம்ப்பிங்குக்கு எடுத்துப் போய், தண்ணீர் கனெக்‌ஷன் கொடுத்திருக்கிறார்கள். அடியிலிருந்து சொட்டியிருக்கிறது. "அண்ணா, சொட்டுன இடத்துலதான் பைப் உடைஞ்சிருக்கும்னு பாக்ஸ் கட்டரால கீறிட்டேன். உள்ள எல்லாம் ஈரமா இருக்கு, ஆனா உடைப்பு எதுவும் கண்ணுக்குத் தெரியலை."

போய்ப் படுத்துப் பார்த்தேன். வண்டியின் அடியை மூடும் பிளாஸ்டிக் அடித்தகடு நான்கடி நீளத்துக்குக் கிழிந்து தொங்கியது. உள்ளே ஊறிப்போன கண்ணாடிப் பஞ்சு. அதன் நடுவே கத்தி பட்டு அறுந்த வயர் ஒன்று. பின் அச்சின் பிரேக்குக்குப் போகும் வயர் அது. அவர் குடும்பத்தோடு அந்த வண்டியை நெடுஞ்சாலையில் வீடுவரை இழுத்து வந்திருக்கிறார். தண்ணீர் வந்த இடமோ அங்கிருந்து வெகுதூரம் தள்ளி, கட்டிலுக்கு அடியில் இருக்கும் வாட்டர் ஹீட்டரின் பின்புறம். குழாய் திரும்பும் இடத்தில் மாட்டும் பிளாஸ்டிக் எல்போ ஒன்றில் மயிரிழை அளவு வெடிப்பு. குழாயில் அழுத்தம் ஏறினால்தான் அது வாய் திறக்கும். கட்டில் பலகையைத் தூக்கியிருந்தால் கையெட்டும் தூரம்.

அமெரிக்காவின் மிச்சிகனில் ஆர்.வி. எனப்படும் இந்த மாதிரி வீட்டு வண்டிகளைப் பழுதுபார்க்கும் தொழிலில் இருக்கிறேன். வசந்தம் வந்தால் இதே கதையைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். நம் தமிழ்க் குடும்பங்கள் பலரும் இப்போது பழைய டிரெய்லர் வாங்கி, வீடியோ பார்த்துத் தாங்களே பழுது பார்க்கிறார்கள். நல்ல விஷயம்தான், தடுக்க மாட்டேன். இந்த ஒன்றை மட்டும் காதில் போட்டுக்கொள்ளுங்கள்: அடியில் தண்ணீர் சொட்டும் இடம் வேறு, குழாய் உடைந்த இடம் வேறு.

ஓட்டு வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கூடத்தில் ஒழுகினால், ஓடு உடைந்திருப்பது அதற்கு நேர் மேலேயா? தண்ணீர் சட்டம் பிடித்து ஓடிவந்து, வசதியான இடத்தில் சொட்டும். டிரெய்லரின் அடியிலும் இதுதான் நடக்கிறது. தரைப்பலகைக்குக் கீழே பஞ்சு, டாங்க், குழாய், சூட்டுக் காற்று போகும் டக்ட் எல்லாவற்றையும் மூடியபடி ஒரு கறுப்புத் தகடு இருக்கிறது. கோரோபிளாஸ்ட் என்போம், இங்கே தேர்தல் நேரத்தில் புல்வெளியில் நட்டு வைக்கும் விளம்பர அட்டைகளும் இதே பொருள்தான். எங்கே கசிந்தாலும் தண்ணீர் முதலில் பஞ்சை நனைக்கும், பிறகு தகட்டின் மேல் வழிந்து தாழ்வான பக்கம் போகும். அங்கே ஒரு ஸ்க்ரூ ஓட்டையோ வயருக்கான துளையோ இருந்தால் அதன் வழியாகச் சொட்டும். வண்டியின் முன்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தி நிறுத்துங்கள், சொட்டும் இடமே மாறிவிடும். கூரையில் இடுக்குகளை அடைக்கும் சீலன்ட் வெடித்து, மழைநீர் சுவர் வழியாக இறங்கி அடித்தகட்டில் தேங்குவதும் உண்டு. குழாயில் ஒரு குறையும் இருக்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த வண்டிகளில் ஓடும் பெக்ஸ் என்ற வளையும் பிளாஸ்டிக் குழாய் சாதாரணமாக நடுவில் உடைவதில்லை. உள்ளே தண்ணீர் உறைந்தாலும் ஓரளவு விரிந்து கொடுக்கும். வெடிப்பது இணைப்புகள்தான்: எல்போ, மூன்று முனை கொண்ட டீ, வால்வு, பம்ப்பின் முனை. அந்த இணைப்புகள் பெரும்பாலும் எங்கே இருக்கின்றன? சிங்க்குக்கு அடியில், டாய்லெட்டின் பின்னால், ஷவர் குழாயின் பின்பக்க மூடிக்குள், வாட்டர் ஹீட்டரின் பின்புறம், பம்ப் இருக்கும் பெட்டியில். எல்லாம் தரைக்கு மேலே. அடித்தகட்டுக்குள் போவது பெரும்பாலும் நேர்க்குழாய். அதனால் தரையில் படுப்பதற்கு முன் இழுப்பறைகளைக் கழற்றுங்கள், கட்டில் பலகையைத் தூக்குங்கள், டார்ச் அடித்து ஒவ்வொரு இணைப்பையும் டிஷ்யூ பேப்பரால் தொட்டுப் பாருங்கள்.

அதன்பிறகு பம்ப் சோதனை. வெளி ஹோஸைக் கழற்றிவிட்டு, டாங்க்கில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, எல்லாக் குழாய்களையும் மூடிப் பம்ப்பைப் போடுங்கள். அழுத்தம் ஏறியதும் அது நின்றுவிட வேண்டும். யாரும் குழாயைத் திறக்காமலே சற்றுநேரத்தில் மறுபடி ஓடினால், சந்தேகம் அழுத்தக் குழாயின் மேல். பம்ப் அமைதியாக இருந்தும் சொட்டினால் வடிகால் குழாய், டாங்க், மழை என்று பாருங்கள். சிங்க்கில் தண்ணீர் விடும்போது மட்டும் சொட்டுகிறதா? அப்படியானால் வடிகால். எந்தத் தொட்டி கசிகிறது என்று தெரியவில்லையென்றால், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு நிற ஃபுட் கலர் ஊற்றிப் பார்க்கலாம். கீழே தொங்கும் சிவப்பு, நீலக் குழாய்கள் இரண்டும் வடித்துவிடுவதற்கானவை. அவற்றின் மூடி சரியாக இறுகாமல் சொட்டியதற்குத் தகட்டைக் கிழித்தவர்களும் இருக்கிறார்கள்.

டக்ட் விஷயமும் இப்படித்தான். படுக்கையறைக்குச் சூடு வரவில்லை, அடித்தகடு மட்டும் கதகதப்பாக இருக்கிறது என்றால், வண்டியைச் சூடாக்கும் ஃபர்னஸிலிருந்து போகும் நான்கு அங்குல ஃபாயில் டக்ட் எங்கோ கழன்றிருக்கிறது அல்லது எலி கடித்திருக்கிறது. தரையில் இருக்கும் சூட்டுக் காற்றின் சல்லடை மூடிகளைக் கழற்றி உள்ளே கை விடுங்கள். ஃபோனோடு இணைக்கும் எண்டோஸ்கோப் கேமரா மலிவாகவே கிடைக்கிறது. டக்ட் கழன்றிருப்பது பல நேரம் அந்த மூடிக்குக் கீழேயே இருக்கும், மேலிருந்தே மாட்டிவிடலாம்.

"ஹீட்டட் அண்டர்பெல்லி", அதாவது சூடேற்றிய அடிப்பகுதின்னு சொல்லித்தானே வித்தாங்க, எப்படி உறைஞ்சுது என்று கேட்கிறார்கள். பல மாடல்களில் அது ஃபர்னஸிலிருந்து அடிப்பகுதிக்கு விட்ட இரண்டு அங்குலக் குழாய் ஒன்று, அவ்வளவே. ஃபர்னஸ் ஓடினால்தான் அதில் காற்று வரும். ஜனவரியில் வாசலில் அணைத்து நிறுத்திய வண்டிக்கு அது எந்தக் காவலும் இல்லை. வடித்துவிட்டு, குழாய் உறைந்து வெடிக்காமல் காக்கும் இளஞ்சிவப்பு ஆர்.வி. ஆன்டிஃப்ரீஸ் ஏற்றித்தான் நிறுத்த வேண்டும். காருக்கு ஊற்றும் ஆன்டிஃப்ரீஸ் விஷம், அதைக் குடிநீர்க் குழாயில் ஏற்றவே கூடாது.

எல்லாம் பார்த்தாயிற்று, அடியைத் திறந்தே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், தயவுசெய்து அவசரப்படாதீர்கள். வண்டி சமதரையில், இழுக்கும் டிரக்கோடு பூட்டியபடி, சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுத்து நிற்கட்டும். நான்கு மூலையிலும் இருக்கும் ஸ்டெபிலைசர் ஜாக் ஆட்டத்தைக் குறைக்க மட்டும்தான். அதை நம்பி வண்டியைத் தூக்கி அடியில் போகாதீர்கள். உயர்த்த வேண்டுமென்றால் இரும்புச் சட்டத்துக்குக் கீழே ஜாக் ஸ்டாண்ட் வையுங்கள். புரொப்பேன் கேஸை சிலிண்டரிலேயே மூடுங்கள். பேட்டரியைக் கழற்றுங்கள், கரண்ட் கேபிளைப் பிடுங்குங்கள்.

தகடு தொந்திபோல் தொங்குகிறதா? உள்ளே தண்ணீர் நிற்கிறது. 40 கேலன் தண்ணீர் ஏறக்குறைய 150 கிலோ. ஸ்க்ரூவைக் கழற்றினால் மொத்தமும் உங்கள் முகத்தில் இறங்கும், அது கழிவறைத் தொட்டியின் தண்ணீராகவும் இருக்கலாம். பக்கவாட்டில் இருந்துகொண்டு தாழ்வான இடத்தில் பேட்டரி டிரில்லால் சின்னத் துளை போட்டு முதலில் வடியவிடுங்கள். துரப்பண முனை தகட்டைத் தாண்டி ஆழமாகப் போக வேண்டாம்.

எலிப் புழுக்கை இருந்தால் பெருக்கவும் வாக்யூம் போடவும் கூடாது. இங்குள்ள டியர் மவுஸ் எலிகள் ஹன்டா வைரஸைச் சுமக்கக்கூடியவை. காய்ந்த புழுக்கைத் தூசி மூச்சில் போவதுதான் ஆபத்து. ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து நன்றாக நனைத்து, ஐந்து நிமிடம் ஊறவிட்டுத் துடைத்தெடுங்கள். கையுறை, கண்ணாடி, என்-95 மாஸ்க் கட்டாயம். பஞ்சை இழுக்கும்போதும் கழற்ற வேண்டாம்.

தகட்டை வெட்டாமலே இறக்க முடியும். அகல வாஷர் போட்ட ஸ்க்ரூக்கள் சட்டத்தின் ஓரமாக வரிசையாக இருக்கும். ஒரு பக்க வரிசையைக் கழற்றினாலே தகடு வளைந்து கொடுக்கும், கை நுழையும், கேமரா நுழையும். சில மாடல்களில் தகட்டைப் போட்டபிறகுதான் கேஸ் பைப்பை அதற்குக் குறுக்கே ஓட்டியிருப்பார்கள், முழுசாக இறங்காது. அதற்காக கேஸ் பைப்பில் கை வைக்காதீர்கள், அது லைசென்ஸ் உள்ளவர் செய்ய வேண்டிய வேலை. வெட்டியே தீர வேண்டுமென்றால், உள்ளே என்ன இருக்கிறது என்று கேமராவில் பார்த்த இடத்தில் மட்டும், தகட்டின் கனத்துக்கு மேல் பிளேடு வெளியே நீளாதபடி, மூன்று பக்கம் கீறிக் கதவுபோல் மடக்குங்கள்.

மூடுவதில்தான் அடுத்த கோளாறு. குழாயைச் சரிசெய்த கையோடு ஈரப்பஞ்சை உள்ளேயே வைத்து டக்ட் டேப் ஒட்டிவிடுகிறார்கள். கோரோபிளாஸ்ட் என்பது பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக், அதில் சாதாரணப் பசை ஒட்டாது, அடுத்த பயணத்தில் தொங்கும். அதைவிட மோசம், மேலே இருக்கும் தரைப்பலகை ஈரத்தில் ஊறி மக்கிவிடும். நனைந்த பஞ்சை எடுத்து எறியுங்கள். ஃபேன் வைத்துச் சில நாள் காயவிடுங்கள். ஸ்க்ரூடிரைவரால் பலகையை அடியிலிருந்து குத்திப் பாருங்கள். மெத்தென்று இறங்கினால் அது தனி வேலை. காய்ந்தபின் புதுப் பஞ்சு வைத்து, உள்ளே எந்தக் குழாய், எந்த வயர் எங்கே போகிறது என்று ஃபோனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வெட்டின இடத்தைவிடப் பெரிய கோரோபிளாஸ்ட் துண்டை, ஓரத்தைத் துடைத்துக் காயவைத்து, பிசுபிசுப்பான ரப்பர் மாதிரி இருக்கும் பியூட்டைல் டேப் கொடுத்து ஒட்டுங்கள். ஸ்க்ரூவை இரும்புச் சட்டத்தில் மட்டும் ஏற்றுங்கள், குட்டை ஸ்க்ரூவாக எடுங்கள். நீள ஸ்க்ரூ போட்டு டாங்க்கையே துளைத்துவிட்டு, மறுபடி அடியில் சொட்டுகிறது என்று கூப்பிடுகிறவர்களும் உண்டு.