வீட்டைச் சுமந்த இரு கற்கள்: மரியானாத் தீவுகளின் லாத்தே

குவாம் தீவின் தலைநகரான ஹகாத்னியாவில், செங்குத்தான பாறைச் சரிவின் அடியில் அமைந்த ஒரு பூங்காவில், எட்டுக் கல்தூண்கள் நான்கு நான்காக இரண்டு வரிசையில் நிற்கின்றன. ஒவ்வொரு தூணும் அடியில் அகன்று மேலே சற்று ஒடுங்குகிறது. அதன் தலையில், தட்டையான பக்கம் வானத்தைப் பார்க்க, அரைக்கோள வடிவில் இன்னொரு கல் அமர்ந்திருக்கிறது. முதன்முறை காண்பவர் இவற்றை நடுகற்கள் என்றோ வழிபாட்டுச் சின்னங்கள் என்றோ எண்ணக்கூடும். உண்மையில் இவை ஒரு வீட்டின் கால்கள். மரத்தாலும் ஓலையாலும் ஆன வீடு மட்கி மறைந்துவிட, அதைச் சுமந்த கற்கள் மட்டும் எஞ்சியிருக்கின்றன.

மேற்குப் பசிபிக் பெருங்கடலில் வடக்குத் தெற்காக வில்போல் வளைந்து கிடக்கும், குவாமை உள்ளிட்ட பதினைந்து மரியானாத் தீவுகளின் பூர்வகுடிகள் சமோரு மக்கள். அவர்களுடைய முன்னோர் ஏறத்தாழ 3500 ஆண்டுகளுக்கு முன், தென்கிழக்காசியத் தீவுகளின் பக்கமிருந்து ஏறத்தாழ இரண்டாயிரம் கிலோமீட்டர் திறந்த கடலைக் கடந்து இங்கு வந்து சேர்ந்தனர். ஆயினும், கல்தூண்மேல் வீடு எழுப்பும் வழக்கத்தை அவர்கள் வரும்போதே கொண்டுவரவில்லை. அது கி.பி. 1000-ஆம் ஆண்டையொட்டித் தோன்றி, 17-ஆம் நூற்றாண்டின் இறுதி வரை நீடித்தது. இத்தீவுகளிலேயே பிறந்து, இத்தீவுகளிலேயே வளர்ந்த கட்டடக் கலை அது.

தூணும் தலைக்கல்லும் சேர்ந்ததே லாத்தே. தூணுக்கு ஹலிகி என்றும், தலைக்கல்லுக்குத் தாசா என்றும் பெயர். ஹலிகி என்ற சொல் பிலிப்பைன்ஸின் தகலோகு மொழியிலும் வீட்டுத் தூணையே குறிக்கிறது என்பது கவனிக்கத்தக்கது. கல்லில் கட்டத் தொடங்குவதற்கு நெடுங்காலம் முன்பே மரத்தூண்களின்மேல் வீடு கட்டி வாழ்ந்த ஒரு பெரிய மொழிக் குடும்பத்தின் நினைவு அந்தச் சொல்லில் தங்கியிருக்கிறது. பொதுவாக ஒரு வீட்டுக்கு மூன்று முதல் ஏழு இணைத் தூண்கள் வரை நின்றன. அவற்றின் மேல் நீளவாக்கில் உத்தரங்கள் கிடத்தப்பட்டு, தளமும் செங்குத்தான ஓலைக் கூரையும் எழுப்பப்பட்டன.

இந்த அமைப்பில் சாந்து இல்லை, ஆணி இல்லை, தூணையும் தலைக்கல்லையும் பிணைக்கும் முளையும் இல்லை. எடை மட்டுமே அனைத்தையும் பிடித்து வைத்திருக்கிறது. கல்லை நசுக்குவது கடினம். வளைத்து முறிப்பது அதைவிட எளிது. ஆகவே கல்லைக் கொண்டு கட்டுபவர், சுமை நேராகக் கீழ்நோக்கி இறங்கும்படி கட்ட வேண்டும். லாத்தே இதைத்தான் செய்கிறது. கூரையின் சுமை உத்தரத்துக்கும், உத்தரத்திலிருந்து தலைக்கல்லின் அகன்ற தட்டைப் பரப்புக்கும், அங்கிருந்து தூண் வழியாக நிலத்துக்கும் இறங்குகிறது. தலைக்கல் அகலமாக இருப்பதால் உத்தரத்துக்குப் போதிய இருக்கை கிடைக்கிறது. தூணின் அடி அகன்றிருப்பதால் சாயும் போக்குக் குறைகிறது. வளைய வேண்டிய உறுப்புகள் எல்லாம் மரம். அழுந்த வேண்டிய உறுப்புகள் எல்லாம் கல். பொருளின் குணம் அறிந்து வேலையைப் பங்கிட்டுக் கொடுத்த இந்தத் தெளிவுதான் லாத்தேயின் முதன்மைச் சிறப்பு என்பது என் கருத்து.

கவிழ்த்த கிண்ணம்போல் அல்லாமல் நிமிர்த்திய கிண்ணம்போல் தலைக்கல் ஏன் வைக்கப்பட்டது என்ற கேள்விக்கு ஒரு சுவையான விடை முன்வைக்கப்படுகிறது. பிலிப்பைன்ஸின் இஃபுகாவ் மக்கள் தங்கள் நெற்களஞ்சியத் தூண்களின் தலைப்பில் மரத்தாலான வட்டத் தகடுகளைப் பொருத்துவார்கள். தூணில் ஏறிவரும் எலி அந்த விளிம்பின் அடியில் வந்ததும் மேற்கொண்டு ஏற முடியாமல் திரும்பிவிடும். லாத்தேயின் துருத்திய தலைக்கல்லும் அதே வேலையைச் செய்திருக்கும். மரியானாத் தீவுகளில் எலியின் எலும்புகள் மண்ணடுக்குகளில் தென்படத் தொடங்குவது ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்புதான், அதாவது லாத்தே தோன்றிய அதே காலத்தை ஒட்டித்தான். பசிபிக் தீவு மக்களில் ஐரோப்பியர் வருகைக்கு முன்பே நெல் பயிரிட்டவர்களும் சமோரு மக்களே. காக்க வேண்டிய தானியமும் விரட்ட வேண்டிய எலியும் ஒரே காலத்தில் இருந்தன. எனினும் ஒரு வீட்டின் வடிவம் முழுவதையும் எலியின் கணக்கில் எழுதிவிட முடியாது. ஈரத்திலிருந்தும் கறையானிலிருந்தும் மரத்தைப் பிரித்து வைக்கவும், அடியில் காற்று புகவும், நிழலில் அமர்ந்து வேலை செய்யவும் அந்த உயரம் பயன்பட்டது.

மரியானா அகழி என்னும் ஆழ்கடல் பள்ளத்தின் விளிம்பில் இருப்பதால் இத்தீவுகள் அடிக்கடி நடுங்குகின்றன. 1993-இல் குவாமைத் தாக்கிய நிலநடுக்கம் ஏறத்தாழ 7.8 அளவுடையது. சாந்தில்லாத மூட்டு சற்றே அசைந்து கொடுத்து நடுக்கத்தைத் தாங்கும் என்று சிலர் புகழ்வதுண்டு. சிறு அசைவுகளுக்கு அது பொருந்தலாம். ஆனால் தீனியன் தீவில் தாகாவின் இல்லம் எனப்படும் இடத்தைப் பார்த்தவர்கள் அவ்வளவு உறுதியாகப் பேசமாட்டார்கள். நிலைநிறுத்தப்பட்ட லாத்தேகளில் மிகப் பெரியவை அங்கு பன்னிரண்டு இருந்தன. இன்று நிமிர்ந்து நிற்பது ஒன்றே ஒன்று. தாகா என்ற தலைவனின் மகளுடைய ஆவி அந்தக் கல்லில் தங்கியிருப்பதால்தான் அது விழவில்லை என்று தீவில் கதை உண்டு.

அந்தத் தூண்களை 1742-இல் ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி ஆன்சனின் கப்பலில் வந்தவர்கள் கண்டார்கள். ஏறத்தாழ 13 அடி உயரத் தூண்கள் என்றும், வரிசைகளுக்கு இடையே 12 அடி இடைவெளி என்றும் அவர்களுடைய பயணக் குறிப்பு சொல்கிறது. மணலையும் கல்லையும் குழைத்து வார்த்து, மேலே பூசிச் செய்தவை என்றும் அது கருதியது. அந்தக் கணிப்பு தவறு என்பதற்கு ரோத்தா தீவின் ஆஸ் நியேவெஸ் கற்சுரங்கமே சான்று. பவளச் சுண்ணாம்புப் பாறையைச் சுற்றிலும் அகழிபோல் வெட்டி, தூணையும் தலைக்கல்லையும் அதற்குள் செதுக்கி, அடிப்பகுதியை மட்டும் பாறையிலிருந்து பிரிக்காமல் விட்ட நிலையில் பல கற்கள் அங்கே கிடக்கின்றன. முடிக்கப்பட்டிருந்தால் அவை தீனியனின் தூண்களையும் விஞ்சியிருக்கும்.

உலோகம் அறியாத காலத்தில் இதை எவ்வாறு வெட்டினார்கள்? கையில் இருந்தவை எரிமலைக் கல்லாலும் பெருஞ்சிப்பி ஓட்டாலும் செய்த வாய்ச்சிகள். அவற்றுடன் நெருப்பும் துணை நின்றிருக்க வேண்டும். சுண்ணாம்புக்கல் கடுமையாகச் சூடேறும்போது அதிலுள்ள கரியமில வாயு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பாக மாறுகிறது. அதன்மேல் நீர் பட்டால் கொதித்துப் பூத்துப் பொடிந்துவிடும். வெட்ட வேண்டிய கோட்டின்மேல் தீ மூட்டி, நீர் தெளித்து, நொய்ந்த பகுதியைச் சுரண்டி எடுத்தால் அகழி சிறிது சிறிதாக ஆழமாகும். இந்த வேதியியல் சமோரு மக்களுக்குப் புதியதன்று. பாக்கைப் புகுவா என்றும், வெற்றிலையைப் புப்புலு என்றும், சுண்ணாம்பை ஆஃபுக் என்றும் அழைத்து, மூன்றையும் சேர்த்து மென்ற மக்கள் அவர்கள்; பவளத்தைச் சுட்டால் என்ன ஆகும் என்பதை நாவறிந்தவர்கள். எல்லாத் தலைக்கற்களையும் இப்படிப் பாறையிலிருந்து பிரிக்க வேண்டியிருக்கவுமில்லை. மூளைப் பவளம் இயற்கையிலேயே அரைக்கோளமாக வளர்வது. பல வீடுகளில் அதையே கடலிலிருந்து எடுத்துவந்து தாசாவாக வைத்தார்கள்.

இத்தனை எடையுள்ள கல்லைச் சுரங்கத்திலிருந்து ஊருக்கு நகர்த்துவது ஒரு குடும்பத்தால் ஆகிற செயலன்று. இங்குதான் கட்டடப் பொறியியல் உறவுமுறையோடு வந்து சேர்கிறது. பழைய சமோரு சமூகத்தில் குலம் தாய்வழியாகத் தொடர்ந்தது. நிலமும் தாய்வழிக் குலத்துக்கே உரியது. குலத்தின் மூத்த பெண் மகாஹாகா, மூத்த ஆண் மகாலாஹி. உறவினர் ஒருவருக்கு உழைப்பாகவோ பொருளாகவோ கொடுத்ததைத் தலைமுறைகள் கடந்தும் நினைவில் வைத்துத் திருப்பிச் செய்யும் செஞ்சூலே என்ற முறை இன்றும் திருமணத்திலும் சாவு வீட்டிலும் உயிரோடு இருக்கிறது. கல்லை இழுத்த கைகளும் அத்தகைய கடப்பாட்டால்தான் திரண்டிருக்கும். தூணின் உயரம் அந்தக் குலம் எத்தனை பேரை அழைக்க வல்லது என்பதன் அளவுகோலாகவும் இருந்தது.

அகழாய்வுகள் இன்னொன்றையும் காட்டின. தூண் வரிசைகளின் இடையிலும் அருகிலும் இறந்தோர் அடக்கம் செய்யப்பட்டிருந்தனர். மேலே வாழ்பவர்கள், கீழே முன்னோர்கள், இடையே கல். கடலோர ஊர்களில் வரிசைகள் பெரும்பாலும் கரைக்கு இணையாகவே ஓடின. முன்னோரின் மண்டையோட்டை வீட்டில் வைத்துப் போற்றும் வழக்கமும் இருந்தது. 1668-இல் சான் வித்தோரெஸ் என்ற ஸ்பானிய இயேசு சபைத் துறவியின் தலைமையில் தொடங்கிய சமயப் பணி அந்த மண்டையோடுகளை அழித்தது. மோதல்கள் போராக வளர்ந்தன. நோயும் போரும் சேர்ந்து மக்கள்தொகையைச் சில ஆயிரங்களாகச் சுருக்கின. எஞ்சியோர் தேவாலயத்தைச் சுற்றிய ஊர்களில் கட்டாயமாகக் குடியேற்றப்பட்டனர். முன்னோர் புதைந்த மண்ணைவிட்டுப் பெயர்க்கப்பட்ட பின், லாத்தே எழுப்புவதற்கு இடமும் இல்லை, ஆளும் இல்லை.

ஆனாலும் உயர்த்திக் கட்டும் பழக்கம் எளிதில் போகவில்லை. ஸ்பானியர் காலத்து வசதியான வீடுகளில், பவளச் சுண்ணாம்புச் சாந்தால் கட்டிய கற்சுவர்க் கீழ்த்தளம் பண்டகசாலையாக இருக்க, குடும்பம் மேல்தளத்தில் வாழ்ந்தது. எளியவர்கள் ஈஃபில் என்னும் வன்மரத் தூண்களின்மேல் ஓலை வீடு கட்டினர். ஹகாத்னியாவின் அந்த வீடுகளில் பெரும்பாலானவை இரண்டாம் உலகப் போரின் 1944-ஆம் ஆண்டுக் குண்டுவீச்சில் தரைமட்டமாயின. 1962-இன் கேரன் சூறாவளிக்குப் பிறகு கான்கிரீட் வீடுகள் பரவின. அவை நேரடியாகத் தரையில் அமர்ந்தவை.

பூங்காவில் நிற்கும் எட்டுத் தூண்களும் அவற்றின் சொந்த இடத்தில் நிற்கவில்லை. தீவின் தெற்கே ஃபேனா பகுதியிலுள்ள மேப்பு என்ற பழைய ஊரிலிருந்து 1950-களில் பெயர்த்துக் கொண்டுவரப்பட்டவை அவை. அந்த நிலம் இன்று அமெரிக்கக் கடற்படையின் வளாகத்துக்குள் இருக்கிறது. இடம் மாறிய லாத்தேயிலிருந்து எடையையும் வடிவத்தையும் அளக்கலாம். ஆனால் அது எந்தத் திசை பார்த்து நின்றது, அடியில் யார் உறங்கினார்கள், எந்தக் குலத்தின் அடுப்புச் சாம்பல் அருகில் கிடந்தது என்பதை மண்ணோடு சேர்த்தே படிக்க முடியும். காட்டுக்குள் இன்னும் தம் இடத்திலேயே கிடக்கும் லாத்தேகளை நெருங்கும்போது சமோரு மக்கள் ஒரு நொடி நின்று, தாவ்தாவ்மோனா எனப்படும் முன்னோரைக் குவேலா, குவேலோ, அதாவது பாட்டி, தாத்தா என்று விளித்து, உள்ளே வர அனுமதி கேட்ட பிறகே அடியெடுத்து வைக்கிறார்கள்.